நண்டுக் கொடுக்கில் நான் சறுக்கிய இடம்

பிடில் நண்டில் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பூதாகரமாக வளரும். உடல் அளவை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கினால் கொடுக்கின் அளவு வந்துவிடும் என்று ஆங்கிலேய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1924-இல் காட்டினார். இதை அளந்து பார்க்கும் மாணவர்கள் செய்யும் தவறுகளில் லாக் (மடக்கை) எடுக்க மறப்பது, நீளம் அளக்கும் காலிப்பரின் பூஜ்யப் பிழையைப் பார்க்காதது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானே திருந்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் 1-உடன் ஒப்பிடுவது

உறுப்பும் உடலும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் அடுக்கு 1 என்று நானும் மனதில் பதித்து வைத்திருந்தேன். பிச்சாவரத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று பிடித்த நண்டுகள். கொடுக்கின் நீளத்தை மில்லிமீட்டரிலும், கொடுக்கு நீக்கிய உடலின் எடையை கிராமிலும் குறித்தேன். லாக் வரைபடத்தில் கோடு அழகாக விழுந்தது, சாய்வு 0.5. அந்தச் சாய்வுதான் அடுக்கு. ஒன்றுக்குக் குறைவுதானே? ‘உடல் வளரும் வேகத்துக்குக் கொடுக்கு வளரவில்லை’ என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். உடம்பின் அகலத்தைவிட நீளமான கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நண்டு வாளியில் நிற்கிறது, நான் 0.5-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, உருவம் மாறாம எடை எட்டு மடங்கானா, நீளம் எத்தனை மடங்காகும்?”

இரண்டு மடங்கு. எடை நீளத்தின் மும்மடியாகக் கூடுகிறது, எட்டின் மூன்றாம் மூலம் 2. ஆக, நீளத்தை எடையோடு வைத்துப் பார்க்கும்போது சமன் என்பது 0.33. என் 0.5-இன்படி கொடுக்கின் நீளம் 2.8 மடங்காகும், அதன் உருவமும் மாறாதிருந்தால் கொடுக்கின் எடை 22 மடங்கைத் தாண்டும். அத்தியாயத்தைத் தலைகீழாக மாற்றி எழுத நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது என்னிடம் வரும் பிள்ளைகள் புதுப்புது மென்பொருளோடு வந்து அதே வரியை எழுதுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. சாய்வு 1-இலிருந்து வேறுபடுகிறதா என்று மென்பொருள் சொல்லும். எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று அது சொல்லாது. நீளத்துக்கு நீளம் என்றால் 1, எடைக்குப் பரப்பு என்றால் 0.67, எடைக்கு நீளம் என்றால் 0.33. நோட்டில் முதல் வரியாக இதை எழுதிவிட்டு அப்புறம் நண்டைத் தொடுங்கள்.

கொடுக்கோடு சேர்த்து எடை போடுவது

ஹக்ஸ்லி கொடுக்கின் எடையை, கொடுக்கை நீக்கிய உடலின் எடையோடுதான் ஒப்பிட்டார், அடுக்கு 1.6-ஐ ஒட்டி வந்தது. மொத்த எடையைப் போட்டால் அதே கொடுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு சாய்வைக் குறைத்துவிடும். இது ஒன்றையாவது நான் சரியாகச் செய்திருந்தேன்.

ஆண், பெண் கலப்பது

கூடாது.

கிராமா, மில்லிகிராமா

அடுக்கு மாறாது, மாறிலி மாறும்.

மறுபடி முளைத்த கொடுக்கு

இழந்த கொடுக்கு திரும்ப முளைக்கும். சில இனங்களில் புதியது நீளத்தில் பழையதைப் போலவே இருந்தாலும் மெலிந்து, எடை குறைந்து, உள்விளிம்பில் பல் இல்லாமல் வரும். எடை போட்டால் அந்தப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தனியாகத் தொங்கும். மாணவி ஒருத்தி அவற்றை ‘அளவீட்டுப் பிழை’ என்று அழித்திருந்தாள். ஸ்பிரிட் பாட்டிலிலிருந்து ஒரு கொடுக்கை எடுத்து, உள்விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். வழுவழுவென்று இருந்தது.