1381 எழுச்சி: நீதிமன்றக் குற்றச்சாட்டுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் விவசாயிகள் எழுச்சியின்போது, 1381 ஜூன் 13 அன்று கென்ட், எசெக்ஸ் மாவட்டக் கலகக்காரர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். அரசரின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்டின் சவாய் மாளிகை எரிந்தது. மறுநாள் அரசின் தலைமை அமைச்சரான சான்சலர் சட்பரி, பொருளாளர் ஹேல்ஸ் இருவரின் தலைகளும் உருண்டன. பிறகு நடந்த வழக்குகளின் லத்தீன் ஆவணங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பதையெல்லாம் நடந்ததாகவே எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

குற்றச்சாட்டு என்பது வழக்கின் தொடக்கம் மட்டுமே. சத்தியப்பிரமாணம் எடுத்த உள்ளூர் ஜூரிகள் பெயர்களைச் சொல்வார்கள். மாவட்டத்தின் அரச அதிகாரியான ஷெரீஃப் ஆளைப் பிடித்துவர வேண்டும். பிடிபட்டவர் மறுத்தால், குற்றவாளியா இல்லையா என்பதை விசாரணை ஜூரி முடிவு செய்யும். பலர் விடுதலையானார்கள், பலர் மன்னிப்புக் கடிதத்தோடு வந்து நின்றார்கள். 1381 நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் வழங்கிய பொது மன்னிப்பில், பெயர் குறிப்பிட்டு விலக்கப்பட்டவர்கள் 287 பேர்தான். எனவே 'இன்னார் கொன்றார்' என்று எழுதுமுன் வழக்கின் முடிவைத் தேடுங்கள். அது பெரும்பாலும் வேறொரு பதிவேட்டில் இருக்கும்.

குற்றம் சாட்டியவர் யார், எப்போது சாட்டினார் என்று பார்க்காமல் விடுவது இதைவிட ஆபத்தானது. லண்டன் ஆல்டர்மேன்கள் (நகர ஆட்சிக் குழு உறுப்பினர்கள்) சிபில், ஹார்ன், டோங் ஆகியோர்தான் லண்டன் பாலத்தையும் ஆல்ட்கேட் வாயிலையும் திறந்துவிட்டு கலகக்காரர்களை உள்ளே விட்டார்கள் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அதற்கு ஆதாரமான குற்றச்சாட்டு பதிவானது 1382 நவம்பரில், அதாவது சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் கழித்து. அப்போது மேயர் நார்தாம்டன். மீன் வணிகர்களின் ஏகபோகத்தை உடைக்கப் போராடியவர். சிபிலும் ஹார்னும் மீன் வணிகர்கள்! நார்தாம்டனின் எதிரி பிரெம்பர் மேயரான பிறகு, 1384இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டு நகர அரசியலுக்கு நல்ல சான்று. 1381இல் வாயில் எப்படித் திறந்தது என்பதற்கு மிகப் பலவீனமான சான்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஜொஹானா ஃபெரோர் என்ற பெண் கென்ட் கலகக்காரர்களின் தலைவி, சவாயை எரித்தார், பொன் நிறைந்த பெட்டியை எடுத்துப் படகில் தேம்ஸைக் கடந்து சதர்க்கில் பங்கிட்டார், சட்பரி, ஹேல்ஸ் தலைகளை வெட்ட ஆணையிட்டார் என்று ஒரு வழக்குப் பதிவு சொல்கிறது. இதை அப்படியே நம்பவும் கூடாது, பெண்ணால் முடியுமா என்று ஒதுக்கவும் கூடாது. ஒரு பெண்ணைத் தலைவி என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடும் என்று குற்றம் சாட்டியவர்கள் கருதியிருக்கிறார்கள். அதுவே நமக்கு முக்கியமான தகவல்.

'பலவந்தமாக, ஆயுதங்களுடன், அரசரின் அமைதிக்கு எதிராக' என்பவை எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் சட்டச் சொற்கள். இவற்றை வைத்துக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஆயுதம் இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள். துரோகம் (அரசருக்கு எதிரான குற்றம்), ஃபெலனி (கொலை, கொள்ளை போன்ற கடுங்குற்றம்) இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். துரோகியின் நிலம் அரசருக்குப் போகும். ஃபெலனி செய்தவரின் நிலமோ, அரசர் ஓராண்டும் ஒரு நாளும் அனுபவித்தபின், அவருடைய பிரபுவுக்குப் போகும். எந்தச் சொல் என்பதில் சொத்தின் கதியே அடங்கியிருந்தது.

தேதியிலும் கவனம் தேவை. இந்த ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டை வைத்துத் தேதி குறிக்கின்றன. அரசர் இரண்டாம் ரிச்சர்டின் ஐந்தாம் ஆட்சியாண்டு 1381 ஜூன் 22இல் தொடங்குகிறது. ஆகவே ஸ்மித்ஃபீல்டில் கலகத் தலைவர் வாட் டைலர் இறந்த ஜூன் 15 நான்காம் ஆண்டில் வரும். எசெக்ஸின் பில்லரிக்கேயில் அரசப் படைக்கும் கலகக்காரர்களுக்கும் மோதல் நடந்த ஜூன் 28 ஐந்தாம் ஆண்டில் வரும். ஆட்சியாண்டு எண்ணை மட்டும் பார்த்து, இரண்டுக்கும் இடையே ஓராண்டு இருப்பதாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.