சோபா எங்கே என்று முடிவாகாமல் சுவரை வெட்டாதீர்கள்

ஹாலைப் புதுசாக அமைக்கும்போது பணம் எங்கே வீணாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேலை வரிசை மாறிப்போவதில்தான். முதல் வாரமே எலக்ட்ரீஷியன் வந்து சுவரை வெட்டி பைப் பதித்துவிடுவார். பாயின்ட் எங்கெங்கே என்று கேட்டால், "வழக்கமா வைக்கிற இடத்துலயே வெச்சிடறேன் சார்" என்பார். பூச்சு, பெயின்ட் எல்லாம் முடிந்து சோபா வந்து இறங்கும்போது பிளக் அதன் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அப்புறம் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காலில் இடறும் ஒயர்.

அதனால் வெட்டுவதற்கு முன் சாமான்களின் இடத்தைத் தரையிலேயே வரையுங்கள். சாக்பீஸ் போதும், மாஸ்கிங் டேப் இன்னும் நல்லது. சாதாரண இரண்டு பெட்ரூம் பிளாட்டில் ஹால் 10க்கு 16 அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் அமரும் சோபா 7 அடி நீளம், 3 அடி ஆழம். அதற்கும் டீபாய்க்கும் நடுவே 1.5 அடி, டீபாய் 2 அடி, தாண்டி நடக்க 3 அடி, எதிர்ச்சுவரில் டிவி யூனிட் 1.5 அடி. கூட்டினால் 11 அடி. ஹாலின் அகலமோ 10 அடிதான்! கடையில் பார்க்கும்போது இந்த ஒரு அடி தெரியாது, டேப் ஒட்டினால் உடனே தெரியும். இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது டீபாயைத்தான். சோபாவின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டூல் வைத்தால் காபி டம்ளருக்கு அது போதும். நடக்கும் வழியைக் குறைத்தீர்களோ, நாலு பேர் வந்தாலே ஹால் நெருக்கியடிக்கும்.

எல் வடிவ சோபா வாங்கும் ஆசை இருந்தால் இன்னொன்றையும் அளந்துகொள்ளுங்கள். சின்ன அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் கதவு இரண்டு, இரண்டரை அடிதான் திறக்கும். படிக்கட்டுத் திருப்பம், வாசற்கதவு, லிஃப்ட் மூன்றின் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கழற்றிப் பூட்டும் மாடலா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

டேப் கோடு இருந்தால் பாயின்ட்களின் இடம் தானாக வந்துவிடும். சோபாவின் இரண்டு முனைகளுக்கும் வெளியே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், முனைக்கொரு பிளக். டிவியைப் பெரும்பாலான வீடுகளில் அண்ணாந்து பார்க்கும்படி மாட்டிவிடுகிறார்கள், கழுத்து வலிக்கிறது. உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக டிவியின் நடுப்பகுதி வர வேண்டும், அதாவது தரையிலிருந்து சுமார் 3.5 அடி. 55 இஞ்ச் டிவி சுமார் 28 இஞ்ச் உயரம் இருக்கும், ஆகவே அதன் கீழ் விளிம்பு 28 இஞ்ச்சில் நிற்கும். பிளக் பாயின்ட் அந்த டிவிக்குப் பின்னால் மறையும்படி இருக்கட்டும். அங்கிருந்து கீழே யூனிட் வரை 2 இஞ்ச் பிவிசி பைப் ஒன்றை நேராகப் பதியுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் ஒயர் போகும், எச்டிஎம்ஐ கேபிளின் தலை போகாது.

இன்வெர்ட்டர் லைனில் ஃபேனையும் லைட்டையும் சேர்ப்பவர்கள் இன்டர்நெட் மோடம் பாயின்ட்டை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் பாடு திண்டாட்டம். ஏசிக்குத் தண்ணீர் வடியும் பைப்பைச் சுவருக்குள் பதிப்பதாக இருந்தால் அடிக்குக் கால் இஞ்ச் சரிவு கொடுத்து, பூசும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு போட்டோ. பின்னால் திரைச்சீலைக் கம்பிக்கு டிரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

அடுத்தது பால்ஸ் சீலிங். கான்கிரீட் மேல்தளத்தின் உயரம் 9.5 அடி இருக்கும் வீட்டில் ஹால் முழுக்க அரை அடி இறக்கி, அதன் மேல் ஒரு ஸ்டெப் டிசைனும் போட்டால், ஃபேன் இறக்கைக்கு மேலே காற்று இழுக்க இடம் இருக்காது. இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் குறையக் கூடாது. அதற்கு மேலே ஒரு அடியாவது வெற்றிடம் வேண்டும். எங்கள் பரிந்துரை, சுற்றி இரண்டடிப் பட்டை மட்டும் இறக்கி நடுத் தளத்தை அப்படியே விடுவது. ஃபேன் எப்போதும் தளத்தின் கொக்கியிலேயே தொங்க வேண்டும், பால்ஸ் சீலிங்கைத் தாங்கும் ஜிப்சம் சேனலில் ஒருபோதும் கூடாது. மேல் வீட்டு பாத்ரூம் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் சீலிங்கைத் தொடவே வேண்டாம்.

லைட்டில் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, எண்ணிக்கை. 160 சதுர அடி ஹாலுக்கு மொத்தம் சுமார் 4,000 லூமென் வெளிச்சம் தாராளம். நல்ல 12 வாட் எல்இடி ஒன்று 1,100 லூமென் அளவில் தரும், ஆக நாலு போதும். பன்னிரண்டு போட்டால் கண் கூசும். இரண்டு, இடம். 48 இஞ்ச் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை சுற்றும். அதற்கு மேலே டவுன்லைட் இருந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அறை முழுக்க நிழல் படபடக்கும், படிக்கவே முடியாது. ஃபேன் நடுவிலிருந்து மூன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். சுற்றுப்பட்டையில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது. வெளிச்சத்தின் நிறத்தில் 3,000 கெல்வின் (மஞ்சள்) அல்லது 4,000 கெல்வின் (மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே), இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். கேட்காமல் வாங்கினால் கடையில் 6,500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஹாலை ஆஸ்பத்திரி வராந்தா ஆக்கிவிடும்.

ஹாலிலேயே பூஜை அலமாரி வைக்கும் வீடுகளில் பின்சுவருக்குப் பிவிசி பேனல் ஒட்டுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். விளக்குச் சூட்டில் அது இளகும், தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும். விளக்கு நிற்கும் இடத்துக்கும் பின்சுவருக்கும் கிரானைட்டோ டைல்ஸோ போடுங்கள், சுடருக்கு மேலே இரண்டடிக்குள் மரத்தட்டு வராமல் பாருங்கள்.

டிவி யூனிட்டைத் தரையில் உட்கார வைத்தால் தினமும் மாப் போடும் தண்ணீர் பார்ட்டிகிள் போர்டின் விளிம்பில் ஏறி ஊதிவிடும். 8 இஞ்ச் தூக்கிச் சுவரில் மாட்டுங்கள், துடைப்பமும் உள்ளே போகும். பிளைவுட் என்றால், தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தர முத்திரை இருக்கிறதா என்று ஷீட் வெட்டும் முன்பே பாருங்கள். லேமினேட் ஒட்டியபின் முத்திரை மறைந்துவிடும், கார்பென்டர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.