களவா, கொள்ளையா: முறைப்பாட்டில் எந்தச் சொல்லை எழுதுவது

உப்புவெளிக் கரையில் ஏற்றிவைத்த தோணியிலிருந்து எஞ்சின் காணாமற்போனாலும், திருகோணமலை நகரில் கத்தியைக் காட்டி ஒருவரின் சங்கிலியைப் பறித்தாலும், ஊர்ப்பேச்சில் இரண்டும் 'களவு' என்றே வரும். பொலிஸ் முறைப்பாட்டில் அப்படி எழுதக்கூடாது. சட்டத்தில் இவை வெவ்வேறு குற்றங்கள்.

'களவு' என்பதன் வேர் 'கள்' என்னும் வினை. கள்வன், கள்ளன், களவாடுதல் யாவும் அதன் வழி வந்தவை. அவ்வேரில் மறைவு என்ற பொருளும் ஊறியிருப்பதால்தான், தொல்காப்பியத்தின் களவியல் திருட்டைப் பேசாமல் பிறர் அறியாக் காதலைப் பேசுகிறது. சட்டமோ மறைவைக் கேட்பதில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடைமையிலுள்ள அசையும் பொருளை அவரது சம்மதமின்றி நேர்மையற்ற விதமாக எடுக்கும் எண்ணத்துடன் நகர்த்துவதே களவாகும். பட்டப்பகலில் பலர் பார்க்க எடுத்தாலும் அது களவுதான். நிலத்தில் வேரூன்றி நிற்கும் தென்னை அசையும் பொருளன்று. அதை வெட்டிச் சாய்த்ததும் அது களவுக்குரிய பொருளாகிவிடுகிறது.

'கொள்ளை' என்பது 'கொள்' என்ற வேரிலிருந்து வந்தது. 'கொள்ளை அழகு' என்கையில் மிகுதியைச் சுட்டுவதாலோ என்னவோ, நிறையப் பொருள் போனால் கொள்ளை என்று எழுதிவிடுகிறார்கள். கொள்ளையை வரையறுக்கும் 379ஆம் பிரிவு பார்ப்பது அளவையன்று, வன்முறையை அல்லது அதைக் காட்டி அச்சுறுத்துவதை. குடும்பத்தார் கோணேசர் கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்த வேளையில் பூட்டை உடைத்து வீட்டையே துடைத்தெடுத்திருந்தால், அது வீடுடைப்பும் களவும். கத்தியைக் காட்டி ஒரு மோதிரத்தைப் பறித்தாலும் அது கொள்ளை.

திருத்தக் கொடுத்த எஞ்சினை, திருத்தப் பொறுப்பேற்றவரே விற்றுவிட்டால் இவ்விரு சொற்களும் பொருந்தா. அது 388ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடி.

ஆகவே குற்றத்தின் பெயரை முந்திக்கொண்டு எழுதாமல், பொருளைக் கடைசியாகக் கண்ட நேரம், அது இருந்த இடம், பூட்டின் நிலை, எஞ்சினின் தொடரிலக்கம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். மிரட்டியிருந்தால் மிரட்டிய சொற்களை அப்படியே கூறுங்கள். சங்கிலி அறுபட்டபோது கழுத்தில் கீறல் ஏற்பட்டிருந்தால், அது சிறிதென்று விட்டுவிடாதீர்கள். களவைக் கொள்ளையாக்கும் விவரம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கையொப்பமிடுவதற்கு முன், பதிவுசெய்ததை வாசித்துக் காட்டும்படி கேட்டு, இவ்விவரங்கள் விடுபடவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.