முதலாம் வருடத்துப் பிள்ளைக்குக் குப்பி (மூத்த மாணவர் இளையவருக்கு எடுக்கும் வகுப்பு) எடுக்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு, திருநெல்வேலி வளாகத்துக்கோ கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்துக்கோ வந்து சேரும் எல்லாப் பிள்ளைகளும் ரியூசன் வாசலைக் கண்டவர்கள் இல்லை. இரசாயனவியலுக்கு மாதக்கணக்காக ஆசிரியர் இல்லாத பாடசாலையில், பழைய வினாத்தாள்களைத் தாங்களே செய்து பார்த்துப் பாஸானவர்களும் அதே பட்ச்சில்தான் இருக்கிறார்கள். "கோட்டாவில வந்தவை" என்று யாராவது கதைத்தால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். விஞ்ஞான, பொறியியல் அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைகளிலும் பலர் அந்த 55க்குள்தான் வருகிறார்கள்.

சரி, குப்பிக்கு வருவோம். சோதனைக்கு முதல் கிழமை பெரிய ஹோலில் எல்லாரையும் இருத்திப் பாஸ்ட் பேப்பர் ஓட்டுவது இந்தப் பிள்ளைகளுக்குக் காணாது, முதல் செமஸ்டரின் மூன்றாம் கிழமையே தொடங்குங்கள், ஐந்தாறு பேர் போதும், ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு, சோக்கட்டி அவர்கள் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலும் தடக்குவது பாடத்தில் இல்லை, மொழியில். ஏ எல் (உயர்தரம்) முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு இங்கே எல்லாம் ஆங்கிலம். என்னோடு இருந்த ஒரு தம்பி இயக்கவியல் கணக்கொன்றை ஒரு மணித்தியாலமாகப் பிழையாகவே செய்துகொண்டிருந்தார். கொப்பியை வாங்கிப் பார்த்தால், மொமென்ட், மொமென்டம் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருக்கிறார். "முதலாவது திருப்பம், மற்றது உந்தம்" என்றேன். "ஓ, திருப்பமா அண்ணா!" என்றவர் மிச்சக் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு கொப்பியை முதல் நாளே தொடங்க வையுங்கள். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், ஆனால் விடையை ஆங்கிலத்தில் எழுத வையுங்கள், சோதனைத்தாளில் அதுதான் கேட்பார்கள்.

அப்புறம் ஆய்வுகூடம். வேணியர் இடுக்கிமானியைப் படத்தில் மட்டும் பார்த்து வாசிப்பு எடுக்கப் பழகியவருக்கு உண்மையானதைக் கையில் பிடிக்கவே பயமாக இருக்கும், குழுவில் வேறு யாராவது அளக்க இவர் எழுதிக்கொண்டே நிற்பார். டெமோவிடம் (ஆய்வுகூடத்தில் செய்து காட்டும் உதவி ஆசிரியரிடம்) கேட்டு அரை மணித்தியாலம் முந்திக் கூட்டிப் போங்கள். ஒருத்தரும் பார்க்காத நேரத்தில் நாலு தரம் தொட்டுப் பழகினால் போதும்.

காசு விஷயத்தைக் குழுவில் கேட்கவே வேண்டாம். மகாபொல புலமைப்பரிசில் காசு கைக்கு வரும்வரை லப்டொப் இருக்கிறதா, மத்தியானம் சாப்பிடுகிறாரா என்று தனியே, நடந்து போகும்போது கேளுங்கள்.

இரண்டு நாள் குப்பிக்கு வராவிட்டால் அக்கறையில்லை என்று எழுதிவிடாமல் ஒரு கோல் எடுங்கள். வெள்ளி பின்னேரத்தில் மட்டும் வைக்காதீர்கள், நெடுந்தீவுப் பிள்ளைகள் அன்றைக்குக் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகைப் பிடிக்க வேண்டும்.