ஒரே போன், ரெண்டு பிள்ளைகள்: மழை லீவில் ஆன்லைன் வகுப்புக்குத் தயாராவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளி திறக்காத நாட்களில், "நாளை வகுப்பு ஆன்லைனில்" என்று சில பள்ளிகள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகின்றன. மறுநாள் காலையில் லிங்க் திறக்காது, சார்ஜ் இருக்காது, டேட்டா தீர்ந்திருக்கும். இவை எல்லாமே முந்தின இரவு அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை. வீட்டில் இருப்பது ஒரே ஆண்ட்ராய்டு போன், வைஃபை இல்லை, மொபைல் டேட்டா மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். போனுக்குப் போன் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும்.

1. முதலில் டேட்டா

தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருந்தும் பதினோரு மணிக்கே ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதா? அன்றைய டேட்டா தீர்ந்ததும் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வீடியோ வகுப்பு ஓடாது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே டேட்டாவைத் தின்பவை பெரும்பாலும் இரண்டு.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா ஆட்டோ டவுன்லோடு என்று போய், மொபைல் டேட்டாவுக்கான டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்கள் தானாக இறங்குவது நிற்கும். அடுத்து பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள். மீட், ஜூம் ஆப்களை மட்டும் அவ்வப்போது இரவில் கையால் அப்டேட் செய்தால் போதும்.

ஒரு வகுப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஊகிக்க வேண்டாம். முதல் வகுப்பு முடிந்ததும் போன் செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' பகுதியைத் திறந்தால் ஆப் வாரியாகக் கணக்கு இருக்கும். அதை அன்றைய வகுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். பிள்ளையின் கேமராவை அணைத்தால் நம் பக்கத்திலிருந்து போகும் டேட்டாதான் குறையும். ஆசிரியரின் வீடியோ இறங்கும் டேட்டா அப்படியேதான் இருக்கும்.

2. பெயரும் பூட்டும்

அப்பாவின் கணக்கிலேயே மீட்டில் நுழைந்தால் திரையில் அப்பா பெயர்தான் தெரியும். அங்கே பெயரை மாற்ற முடியாது. ஆசிரியர் ஆப்சென்ட் போட்டுவிடுவார். பள்ளி கொடுத்த மாணவர் கணக்கு இருந்தால் அதைப் போனில் இரண்டாவது கணக்காகச் சேர்த்து, நுழையும் முன் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். ஜூமில் நுழையும்போதே பெயர் கேட்கும். வகுப்பு, பிரிவு, வரிசை எண், பெயர் என்று போட்டால் வருகைப் பதிவு சுலபம்.

பேங்க் ஆப்பும் ஓடிபியும் வரும் போன் இது என்பதை மறக்க வேண்டாம். செக்யூரிட்டி செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து, பின்னிங்கை எடுக்கும் முன் PIN நம்பர் கேட்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். பிறகு வகுப்பு ஆப்பைத் திறந்து, ரீசன்ட் ஆப்ஸ் திரையில் அதன் ஐகானைத் தொட்டு 'பின்' கொடுத்தால், பிள்ளை வகுப்பை விட்டு கேமுக்குத் தாவ முடியாது. 'டூ நாட் டிஸ்டர்ப்' போடுவதும் அவசியம். நடுவில் வரும் போனை எடுத்தால் வகுப்பின் ஒலி நின்றுவிடும்.

3. உட்காரும் இடம்

ஜன்னல் பிள்ளையின் முகத்துக்கு எதிரே இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் முகம் கறுப்பாகத்தான் தெரியும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத முடியாது. நாலைந்து பாடப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் வைத்து, தண்ணீர் நிரம்பிய சொம்பில் சாய்த்தால் ஸ்டாண்ட் தயார். காலிச் சொம்பு சரிந்துவிடும். போன் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முழம் தள்ளி இருக்கட்டும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே வகுப்பு கேட்டால் போன் கொதிக்கும். சூடானால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வீடியோ நின்று நின்று வரும். முன்கூட்டியே சார்ஜ் ஏற்றி, பின்கவரைக் கழற்றிவிடுங்கள். மைக் உள்ள சாதாரண வயர் ஹெட்செட் போதும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மைக்கில் காற்றிரைச்சல் வரும். குக்கர் விசிலை மட்டும் பேசாத நேரத்தில் மியூட் போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

4. வகுப்பு நேரம்

சரியாக 40 நிமிடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டால் உங்கள் நெட்வொர்க் மீது குற்றமில்லை. இலவச ஜூமின் வரம்பு அது. ஆசிரியர் மறுபடி தொடங்கியதும் அதே லிங்கில் நுழைய முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் குரூப்பில் புது லிங்க் வரும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் விடையைக் காதில் ஓத வேண்டாம். மைக் அதையும் வாங்கிக்கொள்ளும், ஆசிரியருக்கு நன்றாகவே கேட்கும். பிள்ளைக்கு என்ன தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போகும்.

2020 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலில், 8ஆம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் வேண்டாம், 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் வேண்டாம் என்று இருந்தது. உங்கள் பள்ளி ஆறு வகுப்பு வைத்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

வகுப்பு முடிந்த அடுத்த பத்து நிமிடம்தான் பலர் கோட்டை விடுவது. போனை வாங்கி வைத்துவிட்டு, ரஃப் நோட்டில் தேதி, பாடப் புத்தகத்தின் பக்க எண், புரியாதது ஒன்று, வீட்டுப்பாடம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். 'எல்லாம் புரிந்தது' என்று பிள்ளை சொன்னால், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்கைப் போடச் சொல்லிப் பார்க்கலாம். மாநிலப் பாடத்திட்டப் புத்தகங்களில் உள்ள க்யூஆர் கோடை தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ கிடைக்கும்.

5. வீட்டுப்பாடம் அனுப்புவது

நோட்டைத் தரையில் ஜன்னலோரம் விரித்து, நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். குனிந்து எடுப்பவரின் நிழல் பக்கத்தின்மேல் விழுந்தால், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி இடம் மாறி நில்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் படமாக அனுப்பினால் வரிசை குழம்பும். கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியில் பக்கங்களை வரிசையாக எடுத்தால் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்; போட்டோவாகப் போனால் பென்சில் எழுத்து மங்கிவிடும்.

கூகுள் கிளாஸ்ரூமில் ஃபைலை இணைப்பதோடு வேலை முடியவில்லை. 'ஹேண்ட் இன்' அல்லது 'டர்ன் இன்' பொத்தானை அழுத்தினால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. அனுப்பியும் 'வரவில்லை' என்று ஆசிரியர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

6. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால்

இரண்டு டைம்டேபிளையும் ஒரே தாளில் எழுதி, மோதும் நேரங்களை வட்டமிடுங்கள். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுப்பதே நம் கணக்கு. சின்னப் பிள்ளைக்குத் தவறும் வகுப்பு எது என்பதை வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: "வீட்டில் ஒரே போன்தான் இருக்கிறது. செவ்வாய் 10 மணி கணக்கு வகுப்பில் சேர முடியாது. பதிவையோ போர்டு படத்தையோ மாலையில் அனுப்ப முடியுமா, மிஸ்?" நாள், நேரம், பாடம் மூன்றும் இருந்தால் அவர் பதில் போடுவது சுலபம்.