இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நலம் கேட்டுக் கணக்கெடுப்பது எப்படி?

"இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று டாக்டர் கேட்டால் கொங்கு நாட்டில் வரும் பதில், "பரவாயில்லீங்க." படுத்தால் மூச்சு முட்டி விடிய விடிய உட்கார்ந்திருந்தவரும் அதையேதான் சொல்வார். அதனால்தான் கேள்வித்தாள் வேண்டியிருக்கிறது.

இதயச் செயலிழப்புக்கு (இதயம் நின்றுபோவதல்ல, உடலுக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக அனுப்ப முடியாமல் போவது) பரவலாகப் பயன்படுவது கன்சாஸ் சிட்டி கேள்வித்தாள். முழு வடிவில் 23 கேள்விகள், சுருக்கத்தில் 12. கடந்த 2 வார நிலையைக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும்; கூடக்கூட நலம். 5 மதிப்பெண் மாறினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று கொள்வது வழக்கம். உரிமம் வாங்கி, உரிமையாளர் ஒப்பிய மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள். வார்த்தையை நாமே மாற்றினால் பிற ஊர் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது.

படி 1: பட்டியல்

படிவம் அச்சடிக்கும் முன் டிஸ்சார்ஜ் பதிவேட்டை எடுங்கள். குறித்த 3 மாதத்தில் இந்த நோயோடு வீடு திரும்பிய அத்தனை பேரையும் எழுதுங்கள். ஓ.பி.க்கு வருகிறவர்களிடம் மட்டும் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளோ, வால்பாறையிலிருந்து 40 வளைவுகளோ இறங்கி வர முடிந்தவர் ஏற்கெனவே ஓரளவு தேறியவர். முடியாதவர் உங்கள் சராசரியில் இல்லை.

ஒவ்வொருவருக்கும் வயது, பாலினம், ஊர், வீட்டு மொழி, எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்), காப்பீடா கைக்காசா என்பதை கேஸ் ஷீட்டிலிருந்து நிரப்புங்கள். பதில் சொல்லாதவருக்கும் இவை இருந்தால்தான் படி 4 நடக்கும்.

படி 2: கேட்பது

வைத்தியம் பார்த்தவரே கேட்கக் கூடாது. மறுபடி "பரவாயில்லீங்க" வந்துவிடும். போன் பெரும்பாலும் மகனிடம் இருக்கும், மகன் பனியன் கம்பெனி ஷிஃப்ட்டில் இருப்பார். வெவ்வேறு நேரத்தில் 3 முறையாவது அழையுங்கள். ஊர் நோம்பி நாட்களை விட்டுவிடுங்கள். மருமகள் பதில் சொன்னால் தனிப் பத்தியில் குறியுங்கள், நோயாளியின் பதிலோடு கலக்காதீர்கள். தாமே படித்து எழுதியதா, வாசித்துக் கேட்டதா என்பதும் அப்படியே. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் சந்தையில் சரளமாகத் தமிழ் பேசுவார். படிவத்தைப் படிப்பார் என்று அர்த்தமில்லை.

ஒரு கேள்வியில் மட்டும் நிதானியுங்கள்: பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல வேகமாகப் போக முடிகிறதா? முட்டிவலிக்கார அம்மாள் பல வருடமாக ஓடியிருக்க மாட்டார். "வேறு காரணத்தால் முடியவில்லை, அல்லது செய்யவில்லை" என்ற கட்டம் அதற்குத்தான். அது வெற்றிடமாகக் கணக்காகும், பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். சுருக்க வடிவில் இந்தக் கேள்வி இருக்கும் 'உடலால் எவ்வளவு முடிகிறது' என்ற பகுதியின் 3 கேள்விகளில் 2-க்காவது பதில் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதிக்கே மதிப்பெண் கிடையாது, அப்படி உதிர்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

படி 3: வராத பதில்

எண் தவறு, மறுத்தார், முடியாத நிலை, மொழி, இறந்தார் என்று காரணத்தை எழுதுங்கள். இறந்தவரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம், எண்ணிக்கையைத் தனியே சொல்லுங்கள். உயிரோடிருப்பவர்களை மட்டும் கூட்டினால், அதிகம் பேர் இறந்த வார்டுகூட நல்ல வார்டாகத் தெரியலாம்.

படி 4: எடை

பதில் தந்தவர்களில் ஒரு பிரிவினர் பட்டியலில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், அவர்கள் மதிப்பெண்ணைப் பெருக்கிச் சரிசெய்யும் எண்தான் எடை. ஒரு கற்பனைக் கணக்கு. பட்டியலில் 200 பேர், பெண்கள் 60, அதாவது 30%. பதில் தந்த 120 பேரில் பெண்கள் 18, அதாவது 15%. பெண்ணின் எடை 30 ÷ 15 = 2. ஆணுக்கு 70 ÷ 85 = 0.82. ஆண்களின் சராசரி 70, பெண்களின் சராசரி 50 என்றால், எடையில்லாமல் 67 வரும், எடையோடு 64. இந்த 3 மதிப்பெண் நீங்கள் யாரைக் கேட்கவில்லை என்பதால் வந்தது.

எடைக்கும் எல்லை உண்டு. பதில் தந்த பெண்களைப் போலவே தராத பெண்களும் இருப்பார்கள் என்று அது நம்புகிறது. மலையிலிருந்து இரண்டே பேர் பதில் தந்திருந்தால், அவர்களைப் பத்தால் பெருக்கினாலும் அந்த இருவரின் குரல்தான் கேட்கும். அங்கே ஆள் அனுப்பித்தான் கேட்க வேண்டும். பஸ் செலவை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.