ஆன்லைன் வியாபாரம்: கம்பம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கம்பம், கூடலூர், போடி பக்கம் இப்போது ஆன்லைனில் ஏலக்காயும் மிளகும் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். மலைக்கு மேலே கேரளத்தில் உள்ள குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் தமிழர்களும் அப்படித்தான். சிலர் யூடியூப் சேனல் நடத்துகிறார்கள், சிலர் வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கிறார்கள். இவர்களில் பலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். உழைப்பில் குறை சொல்லவே முடியாது. ஆனால் பணம் யார் கையிலிருந்து வருகிறது, வழியில் யார் யார் பிடித்துக்கொள்கிறார்கள், மிச்சம் எப்போது கைக்கு வரும் என்று தொழில் தொடங்கும் முன்பே விசாரித்தவர்கள் குறைவு. பாதிப் பேர் அங்கேதான் அடிபடுகிறார்கள்.

பெரிய தவறு, விற்ற தொகையை வருமானம் என்று நினைப்பது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய்க்கு, வரி நீங்கலாக, வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பொட்டலத்தை 400 ரூபாய்க்கு ஒரு விற்பனைத் தளத்தில் போடுகிறீர்கள். சரக்கு 250. கவர், லேபிள் 12. கூரியர் 60. தளத்தின் கமிஷனும் மற்ற பிடித்தமும் 15 சதவீதம் என்றால் இன்னொரு 60. அந்த 400-க்குள்ளேயே 5 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கிறது, அது 19. கூட்டினால் 401. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு ரூபாய் கைநட்டம். ஆர்டர் குவியக் குவிய நட்டமும் குவியும்.

அதே விலை விகிதத்தில் 250 கிராம் பொட்டலத்தை 1,000 ரூபாய்க்குப் போடுங்கள். சரக்கு 625, கவர் 15, பிடித்தம் 150, வரி 48. கூரியர் அதே 60தான், ஏனென்றால் பெரும்பாலான கூரியர்களில் முதல் அரைக் கிலோவுக்கு ஒரே கட்டணம். மொத்தச் செலவு 898 போக 102 ரூபாய் மிஞ்சும். காயும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, பொட்டலத்தின் அளவு மட்டும்தான் மாறியது. உங்கள் பொருளுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் விலை வைக்காதீர்கள்.

இதில் திரும்பி வரும் பார்சலை இன்னும் சேர்க்கவில்லை. டெலிவரியின்போது பணம் என்றால் வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள் அதிகம். சொந்தத் தளத்தில் விற்றால் போக வரக் கூரியர் செலவு உங்கள் தலையில். படத்தில் எட்டு எம்எம் பருமனுள்ள காயைக் காட்டிவிட்டு ஆறும் ஏழும் கலந்து அனுப்பினால் திரும்பி வரத்தான் செய்யும். தரத்தைக் குறிப்பிடும் இடத்தில், கலப்புக் காய் என்றால் கலப்பு என்றே எழுதி, அதற்கேற்ற விலை வையுங்கள். பழகிய வாடிக்கையாளரை மெல்ல வாட்ஸ்அப் பக்கம் கொண்டுவந்து யுபிஐ-யில் பணம் வாங்கினால் கமிஷன் இல்லை, பணம் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் சிறு வியாபாரிக்கு இதுதான் நல்ல வழி.

கமிஷனே கிடையாது என்று அறிவிக்கும் தளங்களும் உண்டு. மீஷோ 2021-ல் அப்படி அறிவித்தது. அவர்களுக்கு விளம்பரத்திலும் சரக்கு அனுப்பும் சேவையிலும் வருமானம் வருகிறது. உங்கள் பொருள் மேலே தெரிய விளம்பரத்துக்குச் செலவழித்தால், அதையும் பொட்டலக் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் வந்துவிடும். மதுரையைவிடப் பக்கம். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலம். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஏலக்காயை எல்லை தாண்டி விற்றால் அந்த வரம்பு செல்லாது, முதல் பொட்டலத்திலிருந்தே பதிவு வேண்டும். 2023 அக்டோபர் முதல் சிறு வியாபாரிகள் பதிவு இல்லாமலே ஆன்லைன் தளங்களில் விற்கலாம், அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். ‘பக்கத்து ஊர்தானே’ என்று கேரளத்துக்கு அனுப்பிவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஓடிவருகிறார்கள். வகுப்பு எடுப்பது போன்ற சேவைகளுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கேரளத்தின் கட்டப்பனையில் இருக்கும் பிள்ளைக்குக் கம்பத்திலிருந்து கணக்குப் பாடம் எடுத்தால் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

பதிவு செய்தவர்களிடம் தளங்கள் 0.5 சதவீதம் ஜிஎஸ்டியைப் பிடித்து அரசுக்குக் கட்டும். அது தொலைந்த பணம் அல்ல, உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது எடுத்துக்கொள்ளாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் எண்ணும் பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

வீடியோ போடுபவர்களின் தவறு வேறு மாதிரி. அங்கே பணம் தருவது பார்ப்பவர் அல்ல, விளம்பரதாரர். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். அந்த மணிக் கணக்குக்குப் பதிலாக, 90 நாளில் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருந்தாலும் போதும். அதன் பிறகு விளைச்சலைப் பங்கு போடும் வாரச் சாகுபடி போலத்தான்: நீள வீடியோ விளம்பரத்தில் உங்களுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. கணக்கில் 100 டாலர் சேரும் வரை பணம் வராது. ஒரே எண்ணிக்கையில் பார்த்தாலும் வருமானம் ஒன்றாக இருக்காது, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதைப் பற்றிய வீடியோ என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே பார்வை எண்ணிக்கையைப் பார்த்துக் கடன் வாங்கிக் கேமரா வாங்காதீர்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் ரசிகர் கூட்டம் ஒரே இரவில் கைவிட்டுப் போனது. எந்தத் தளமாக இருந்தாலும் வாடிக்கையாளரின் எண்ணையோ மின்னஞ்சலையோ அவர் சம்மதத்தோடு நீங்களும் வைத்திருங்கள்.

இன்னொருவர் பொருளுக்கு லிங்க் போட்டுக் கமிஷன் வாங்கும் வேலையும் உண்டு. வாங்கியவர் பொருளைத் திருப்பிவிட்டால் உங்கள் கமிஷனும் திரும்பிப் போகும். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறோம் என்பதைப் பார்ப்பவருக்கு மறைக்கவும் கூடாது.

கடைசியாக ஒன்று. வீடியோவுக்கு லைக் போட்டால் தினம் சம்பளம், முதலில் கொஞ்சம் பணம் கட்டினால் போதும் என்று டெலிகிராமில் வருபவை தொழிலே அல்ல. அங்கே விற்கப்படும் பொருளும் இல்லை, விளம்பரதாரரும் இல்லை. ஆரம்பத்தில் உங்களுக்குத் திரும்பக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வெறும் தூண்டில். கட்டிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.